கட்டுமானக் கண்காட்சிகளில் எதற்குப் போவது, எதில் ஸ்டால் போடுவது: வடசென்னைத் தொழில்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சாத்தாங்காட்டில் கம்பி வியாபாரம், மணலியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை, மாதவரத்தில் சென்டரிங் சாமான் (கான்கிரீட் போடும்போது தாங்கும் தகடு, முட்டு) வாடகை, மீஞ்சூர் பக்கம் ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கல் யூனிட், மண்ணடியில் ஹார்டுவேர் மொத்தக் கடை. இந்த மாதிரித் தொழில் செய்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆண்டு முழுக்க ஏதோ ஒரு எக்ஸ்போவிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். "கார்னர் ஸ்டால் ஒண்ணுதான் பாக்கி, இன்னைக்கே அட்வான்ஸ் போட்டா ரேட் குறைப்போம்" என்பார்கள். அந்தப் போனுக்குப் பதில் சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளை அவற்றின் வரிசையிலேயே கீழே கொடுத்திருக்கிறேன்.

வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஸ்டாலை முதலில் பிடித்துவிட்டு, அங்கே என்ன வைப்பது, யாரிடம் பேசுவது என்று பிறகு யோசிக்கிறார்கள். பணம் அங்கேதான் போகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த இரண்டு ஆண்டு பில் புத்தகம் அல்லது டேலி கணக்கு மென்பொருளில் இருந்து எடுத்த வாடிக்கையாளர் பட்டியல். ஜிஎஸ்டி சான்றிதழ், உத்யம் (சிறு தொழில்) பதிவுச் சான்றிதழ். இப்போதைய விலைப் பட்டியல். வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய அளவில் ஒரு கேட்லாக். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, நீங்கள் நான்கைந்து நாள் வெளியூர் போனால் கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். அந்த ஆள் இல்லை என்றால் வெளியூர்க் கண்காட்சிகளை இந்த ஆண்டுக்கு ஒதுக்கிவிடலாம். ஸ்டாலில் உட்கார்ந்துகொண்டு கடைக்கே போன் பேசிக்கொண்டிருக்கும் முதலாளியிடம் புது ஆள் யாரும் நின்று பேசமாட்டார்.

## 1. உங்களைத் தேடி வர வேண்டியவர் யார் என்று எழுதுங்கள்

"கஸ்டமர்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. பில் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு, அதிக லாபம் தந்த பத்துப் பேரைப் பிரித்துப் பாருங்கள். அவர்கள் யார்? சிறு காண்ட்ராக்டரா, அடுக்குமாடி கட்டும் பில்டரா, தனி வீடு கட்டும் குடும்பமா, ஆர்க்கிடெக்டா, வெளியூர் டீலரா, பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசரா?

இந்தக் கேள்வியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஒரு தனிக் கூட்டம் வரும். பெரிய கண்காட்சி, சின்னக் கண்காட்சி என்ற பேச்சை விட, உங்கள் ஸ்டால் வழியாக நடந்து போகப்போகும் கால்கள் யாருடையவை என்பதுதான் கணக்கு. தனி வீடு கட்டும் குடும்பத்துக்குக் கதவு விற்பவருக்கு மெஷின் கண்காட்சியில் வேலையில்லை. ஜாக்கி, ஸ்பேன், கப்லாக் போன்ற சென்டரிங், சாரச் சாமான் விற்பவருக்கு ஃப்ளாட் விற்கும் கண்காட்சியில் வேலையில்லை.

நீங்கள் விற்கப் போகிறீர்களா, வாங்கப் போகிறீர்களா என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். புது பெண்டிங் (வளைக்கும்) மெஷின் பார்க்க வேண்டும், இப்போது வாங்கும் இடத்துக்கு மாற்றாக இன்னொரு சப்ளையர் வேண்டும் என்பது வாங்கும் வேலை. அதற்கு ஸ்டால் தேவையே இல்லை, பார்வையாளராகப் போனால் போதும். இரண்டையும் ஒரே பயணத்தில் செய்துவிடலாம் என்று ஸ்டால் போடுபவர்கள், ஸ்டாலை விட்டு நகர முடியாமல் ஒரு மெஷினையும் ஒழுங்காகப் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

ஒரு தாளில் மூன்று வரி போதும்: யாரைச் சந்திக்க வேண்டும், அவரிடமிருந்து என்ன வேண்டும், அது கிடைத்தால் ஓர் ஆண்டில் எவ்வளவு லாபம் வரும். மூன்றாவது வரி ஏழாம் படியில் தேவைப்படும்.

## 2. சரக்கு எவ்வளவு தூரம் போகுமோ, அவ்வளவு தூரத்துக் கண்காட்சி

இந்தப் படியை ஏறக்குறைய எல்லோருமே தாண்டிப் போய்விடுகிறார்கள். கட்டுமானப் பொருள் எடை கூடியது. எடைக்கு விலை குறைந்தால், லாரி வாடகை லாபத்தைத் தின்றுவிடும்.

வடசென்னை அனல்மின் நிலையம் அத்திப்பட்டில் இருப்பதால் மீஞ்சூர், பொன்னேரி பக்கம் சாம்பல் பக்கத்திலேயே கிடைக்கிறது. அந்த வசதியை வைத்துக் கல் போடும் ஒருவருக்கு பெங்களூரிலிருந்து ஆயிரம் விசாரணை வந்தாலும் ஒரு லோடு போகாது. அவருக்குத் தேவை திருவள்ளூர், சென்னை, செங்கல்பட்டு காண்ட்ராக்டர்கள் வரும் உள்ளூர்க் கண்காட்சி, அல்லது இன்ஜினியர் சங்கங்கள் நடத்தும் ஒரு நாள் கூட்டம். பல நேரம் அந்த ஒரு நாள் கூட்டத்தில் ஒரு மேசை போடுவதே அவருக்குப் பெரிய எக்ஸ்போவை விட வேலை செய்யும். ரெடிமிக்ஸ், எம்சாண்ட், ஹாலோ பிளாக் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

சென்டரிங் தகடு, ஜாக்கி, சாரச் சாமான் மாநிலம் முழுக்கப் போகும், பக்கத்து மாநிலத்துக்கும் போகும். கீல், தாழ்ப்பாள், ஃபாஸ்டனர், கெமிக்கல், மெஷின் உதிரி பாகம் போன்றவற்றுக்கு எல்லையே இல்லை, பார்சலில் இந்தியா முழுக்கப் போகும். உங்கள் சரக்கு கடந்த இரண்டு ஆண்டில் லாபத்தோடு போன தூரமான ஊர் எது என்று பில்லில் பாருங்கள். அதையும் தாண்டிய ஊரில் ஸ்டால் போட வேண்டுமானால் அங்கே ஒரு டீலரைப் பிடிப்பது மட்டுமே நோக்கமாக இருக்கட்டும்.

## 3. பெயரை விட்டுவிட்டு வகையைப் பாருங்கள்

எல்லாப் பெயரிலும் "பில்ட்", "கன்ஸ்ட்ரக்ஷன்", "எக்ஸ்போ" இருக்கும். உள்ளே போனால் வேறு வேறு உலகம்.

கனரக மெஷின் கண்காட்சிகளில் நம் பக்கத்துக்கு நெருக்கமானது எக்ஸ்கான். சிஐஐ என்ற இந்தியத் தொழில் கூட்டமைப்பு நடத்துகிறது, பெங்களூர் துமகூரு சாலையில் உள்ள பிஐஇசி கண்காட்சி வளாகத்தில். பொக்லைன், கிரேன், பேட்சிங் பிளாண்ட், கான்கிரீட் பம்ப், அவற்றின் உதிரி பாகம் என்று மெஷின்தான் அங்கே பிரதானம். கிரேட்டர் நொய்டாவில் நடக்கும் பௌமா கோனெக்ஸ்போ இந்தியாவும் இதே வகை. இந்த இரண்டுக்கும் வருபவர்கள் காண்ட்ராக்டர்கள், மெஷின் வாடகைக்கு விடுபவர்கள், கம்பெனிகளின் பிளாண்ட் இன்ஜினியர்கள். மணலியில் பக்கெட், ஹாப்பர், கன்வேயர் ஃப்ரேம் செய்து தரும் பட்டறைக்காரர் போக வேண்டிய இடம் இது. டைல்ஸ் கடைக்காரருக்கு இங்கே ஒன்றுமில்லை.

ஆர்க்கிடெக்ட், இன்டீரியர் டிசைனர் வரும் கண்காட்சிகள் இரண்டாவது வகை. மும்பை, டெல்லி, பெங்களூரில் நடக்கும் ஏஸ்டெக் அப்படிப்பட்டது. கண்ணுக்கு அழகான பொருளுக்குத்தான் அங்கே மதிப்பு, ஸ்டாலையும் அதற்கேற்ற செலவில் கட்ட வேண்டும்.

ஒரே துறைக்கான கண்காட்சிகள் மூன்றாவது. கான்கிரீட்டுக்கு மும்பையில் வேர்ல்ட் ஆஃப் கான்கிரீட் இந்தியா, மர வேலை மெஷினுக்கு பெங்களூரில் இந்தியாவுட், ஏசி துறைக்கு ஏக்ரெக்ஸ் இருக்கின்றன. கூட்டம் குறைவாகத் தெரியும், ஆனால் வருபவர் அந்தத் துறையிலேயே இருப்பவர். சிறு யூனிட்டுக்கு முதல் ஸ்டால் போட இந்த வகையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். பெரிய கம்பெனிகளின் இரண்டு மாடி ஸ்டாலுக்கு நடுவே உங்கள் ஒன்பது சதுர மீட்டர் ஸ்டால் காணாமல் போகாது.

வீடு விற்கும் கண்காட்சி நான்காவது. பில்டர்களின் சங்கமான கிரெடாய் சென்னை நடத்தும் ஃபேர்ப்ரோ இதற்கு நல்ல உதாரணம். அங்கே குடும்பத்தோடு ஃப்ளாட் பார்க்க வருவார்கள், வங்கிகள் கடன் பேசும். "பில்டர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறார்களே" என்று நினைத்து மெட்டீரியல் சப்ளையர்கள் இங்கே ஸ்டால் கேட்கிறார்கள். பில்டர்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவர்கள் விற்க வந்திருக்கிறார்கள், வாங்க வரவில்லை. ஸ்டாலில் நிற்பதும் சேல்ஸ் ஆட்கள்தான், பர்ச்சேஸ் ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஒரு டிக்கெட்டோ பாஸோ எடுத்துப் போய், யார் எங்கே புது புராஜெக்ட் தொடங்குகிறார் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். மாதவரம், கொளத்தூர், செங்குன்றம் பக்கம் எந்த சைட் வரப்போகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. பிறகு அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசுக்குத் தனியாகப் போகலாம்.

மண்ணடியில் இறக்குமதி செய்பவர்களுக்குச் சீனாவின் குவாங்சோவில் ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், நடக்கும் கேன்டன் கண்காட்சி பழக்கமானதுதான். அது மூன்று கட்டமாக நடக்கிறது. ஹார்டுவேரும் டூல்ஸும் முதல் கட்டத்தில், கட்டடப் பொருள்கள் இரண்டாம் கட்டத்தில். கட்டத்தைப் பார்க்காமல் டிக்கெட் போடக் கூடாது. இந்தியாவில் பல பொருள்களுக்கு பிஐஎஸ் தரச் சான்று கட்டாயமாகிவிட்டது. நீங்கள் வாங்க நினைக்கும் பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு விமானத்தைப் பற்றி யோசியுங்கள். சான்றில்லாத சரக்கு துறைமுகத்தில் நின்றுவிட்டால், அதற்கான வாடகை நாளுக்கு நாள் ஏறும்.

## 4. நாள்காட்டியை இரண்டு ஆண்டுக்குப் போடுங்கள்

பெரிய கண்காட்சிகள் ஆண்டுதோறும் வருவதில்லை. எக்ஸ்கான் பொதுவாக ஒற்றைப்படை ஆண்டின் டிசம்பரில், பௌமா கோனெக்ஸ்போ இந்தியா இரட்டைப்படை ஆண்டில். ஜெர்மனி முனிச் நகரின் பௌமா மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, கடைசியாக 2025 ஏப்ரலில் நடந்தது. ஓர் ஆண்டுக்கு மட்டும் பட்ஜெட் போட்டால் அடுத்த ஆண்டுச் செலவு கண்ணில் படாது.

தேதி தள்ளிப் போவதும் உண்டு. 2021 எக்ஸ்கான் 2022 மே மாதத்துக்குப் போனது. ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த போஸ்டரை நம்பாமல், நடத்துபவரின் தளத்தில் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

பிறகு நம் ஊர்க் காலத்தை அதன்மேல் வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் தனி வீட்டுக்குப் பூமி பூஜை போடுபவர் குறைவு, தை பிறந்ததும் வேலை தொடங்கும். குடும்பங்களுக்கு விற்பவர் தைக்கு முந்தைய மாதங்களிலோ தை, மாசியிலோ வரும் உள்ளூர்க் கண்காட்சியைப் பிடிக்க வேண்டும். ஆனியின் கடைசியில் நடக்கும் கண்காட்சியில் வரும் விசாரணை ஆடியில் ஆறிப்போகும்.

டிசம்பர் மழையைத் தனியாக யோசியுங்கள். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வடசென்னையை மூழ்கடித்தது. அடுத்த வாரம், 12ஆம் தேதி, பெங்களூரில் எக்ஸ்கான் தொடங்கிவிட்டது. குடோனில் தண்ணீர் நிற்கும்போது ஸ்டாலுக்குச் சாம்பிள் எப்படி அனுப்புவது? டிசம்பர்க் கண்காட்சிக்கான சாம்பிளை நவம்பர் நடுவிலேயே தயார் செய்து, உயரமான இடத்தில் பேக் செய்து வைத்துவிடுங்கள்.

## 5. நடத்துபவரையும் போன முறை ஸ்டால் போட்டவர்களையும் விசாரியுங்கள்

நடத்துபவரிடம் கேட்க வேண்டியவை: இது எத்தனையாவது பதிப்பு, போன முறை ஸ்டால் போட்டவர்களின் முழுப் பட்டியல், வந்தவர்களின் தொழில்வாரிப் பிரிவு, தலைகளை எண்ணினார்களா அல்லது நுழைவுகளையா. ஒரே ஆள் மூன்று நாள் வந்தால் மூன்று என்று எண்ணும் பழக்கம் உண்டு. யுஎஃப்ஐ என்ற உலகக் கண்காட்சிச் சங்கத்தின் அங்கீகாரம் இருந்தால் எண்ணிக்கை வெளியாள் தணிக்கைக்கு உட்பட்டிருக்கும். சின்னக் கண்காட்சிகளில் அது இருக்காது. அதற்காகத் தள்ளிவிட வேண்டாம், தொழில்வாரிப் பிரிவைக் கேளுங்கள். அதையும் தர மறுத்தால் ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து, போன முறைப் பட்டியலில் உங்கள் அளவில் உள்ள, உங்களுக்குப் போட்டியில்லாத ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்துப் போன் செய்யுங்கள். கேள்வி நேராக இருக்கட்டும்:

"அண்ணே வணக்கம். மணலியில சென்டரிங் சாமான் பண்றோம். போன தடவ அந்த எக்ஸ்போல ஸ்டால் போட்டிருந்தீங்கல்ல? வந்தவங்கள்ல காண்ட்ராக்டர் எவ்ளோ பேருண்ணே, சும்மா பாக்க வந்தவங்க எவ்ளோ? ஆர்டர் ஏதாச்சும் முடிஞ்சுதா? அடுத்த தடவ போடுவீங்களா?"

கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுக்கு வேண்டியது. "கூட்டம் நல்ல கூட்டம்பா" என்று சொல்லிவிட்டு, திரும்பப் போடுவதைப் பற்றி இழுத்தால் அர்த்தம் புரிந்துகொள்ளலாம். மண்ணடியிலும் சாத்தாங்காட்டிலும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தான். பாயிடமோ அண்ணாச்சியிடமோ டீக்கடையில் கேட்டாலே பாதி உண்மை வந்துவிடும். நம் பக்கத்தின் இந்தப் பழக்கம் பெரிய சொத்து, அதைப் பயன்படுத்துங்கள்.

ஓர் எச்சரிக்கை. கண்காட்சிப் பட்டியலில் உங்கள் பெயர் வந்ததும் மின்னஞ்சலில் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர் "பார்வையாளர்களின் முழு டேட்டாபேஸ்" விற்பார். இன்னொருவர் "உங்கள் விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்" என்று படிவம் அனுப்புவார், அடியில் பொடி எழுத்தில் ஆண்டுக்கட்டணம் இருக்கும். நடத்துபவரின் அதிகாரப்பூர்வ முகவரியிலிருந்து வராத எதற்கும் கையெழுத்து வேண்டாம்.

## 6. முதல் முறை பார்வையாளராகப் போங்கள்

ஒரு கண்காட்சியில் ஸ்டால் போடுவதற்கு முன் அதன் ஒரு பதிப்பையாவது நடந்து பார்க்க வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடப்பதென்றால் இரண்டு ஆண்டு தள்ளிப் போகட்டும், பரவாயில்லை. நுழைவுச் செலவு மிகக் குறைவு, அதில் தெரிந்துகொள்வதோ நிறைய.

நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையத்துக்கு வண்டி எடுக்க வேண்டாம். விம்கோ நகர், திருவொற்றியூர், வண்ணாரப்பேட்டை எங்கிருந்தும் மெட்ரோ நீல வழியில் ஆலந்தூர் போய் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் போதும். மாதவரத்திலிருந்து வர்த்தக மையம் வழியாகவே போகும் மெட்ரோ வழித்தட வேலை நடந்துகொண்டிருக்கிறது. பெங்களூர் பிஐஇசிக்கு இப்போது எளிது: 2024 நவம்பரில் பச்சை வழி மாதாவரா வரை நீண்டுவிட்டது. சென்ட்ரலில் ரயில் ஏறி பெங்களூரில் இறங்கினால், மெஜஸ்டிக்கில் பச்சை வழி பிடித்து வாசல் பக்கத்திலேயே போய் இறங்கலாம்.

முதல் நாள் காலையில் போகாதீர்கள், திறப்பு விழாவும் விருந்தினர்களும்தான் இருப்பார்கள். நடு நாள் ஒன்றில் போங்கள். ஆன்லைனில் முன்பே பதிவு செய்து, தொழிலைச் சரியாகக் குறிப்பிட்டு பேட்ஜ் வாங்குங்கள். பேட்ஜில் "மாணவர்" என்றோ வெறுமனே "பார்வையாளர்" என்றோ இருந்தால் ஸ்டாலில் ஒழுங்காகப் பேசமாட்டார்கள்.

உள்ளே போனதும் முதல் சுற்றில் ஒரு கேட்லாக் கூட வாங்காதீர்கள். எல்லா ஹாலையும் ஒரு முறை நடந்துவிடுங்கள். கேட்லாக் பையைத் தூக்க ஆரம்பித்தால் இரண்டாவது ஹாலிலேயே கை வலித்து, டீ குடிக்க உட்கார்ந்துவிடுவீர்கள். இரண்டாவது சுற்றில், உங்கள் சரக்கைப் போன்றதை வைத்திருக்கும் ஒரு ஸ்டாலுக்கு எதிரே அரை மணி நேரம் நில்லுங்கள். எத்தனை பேர் கடந்து போனார்கள், எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் கார்டு கொடுத்தார்கள், அவர்களின் பேட்ஜில் என்ன இருக்கிறது என்று குறியுங்கள். அந்த அரை மணி நேரத்தில் தெரிவது எந்த பிரோஷரிலும் இருக்காது.

எந்த ஹாலில், எந்த மூலையில் கூட்டம் போகவே இல்லை என்பதையும் வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை "நல்ல இடம்" என்று உங்களுக்கு அந்த மூலையைத்தான் காட்டுவார்கள்.

முடிந்தால் கடைசி நாள் மத்தியானமும் ஒரு மணி நேரம் இருங்கள். ஸ்டால்காரர்கள் பேக் செய்துகொண்டிருப்பார்கள், விற்கும் அவசரம் இருக்காது. அப்போது கேட்டால் எல்லாவற்றையும் மனம் விட்டுச் சொல்வார்கள்.

## 7. மொத்தச் செலவைப் போடுங்கள், வாடகையை மட்டும் அல்ல

சதுர மீட்டர் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்ச ஸ்டால் பொதுவாக 3 மீட்டருக்கு 3 மீட்டர், 9 சதுர மீட்டர். வாடகை 90,000, அதன்மேல் 18% ஜிஎஸ்டி 16,200, ஆக 1,06,200. பலர் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். கூடுதல் கரண்ட், பர்னிச்சர், பேனர், சாம்பிள் செய்யும் செலவு, வண்டி, லோடிங், ரயில், ரூம், சாப்பாடு, ஆள் சம்பளம் எல்லாம் இன்னும் இருக்கின்றன. வெளியூர் ஸ்டாலுக்கு வாடகையைப் போல மூன்று மடங்கு ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

இந்த மொத்தத்தை, முதல் படியில் எழுதிய மூன்றாவது வரியோடு ஒப்பிடுங்கள். எத்தனை புது வாடிக்கையாளர் கிடைத்தால் செலவு திரும்பும்? ஒன்றிரண்டு என்றால் தைரியமாகப் போகலாம். இருபது என்றால், ஆறாம் படியில் அரை மணி நேரம் எண்ணிய கணக்கு அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

வெளிமாநில ஸ்டாலில் வரி ஒரு சிக்கல். புக்கிங் படிவத்திலேயே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து, பில் ஐஜிஎஸ்டியாக (மாநிலங்களுக்கு இடையிலான வரி) வருமா என்று எழுத்தில் கேளுங்கள். கர்நாடக எஸ்ஜிஎஸ்டி (அந்த மாநில வரி) என்று பில் வந்தால் தமிழ்நாட்டுப் பதிவில் அதை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுக்க முடியாது. பெங்களூர் ஹோட்டல் பில்லுக்கும் இதே நிலைதான். உங்கள் ஆடிட்டரிடம் முன்பணம் கட்டுவதற்கு முன்பே பேசுங்கள்.

உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகம் ஸ்டால் வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டம் வைத்திருக்கிறது. பெண்கள், எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்குச் சலுகை கூடுதல். கிண்டியில் உள்ள எம்எஸ்எம்இ வளர்ச்சி அலுவலகத்தில் கேட்கலாம். முன்பணம் கட்டிவிட்டுப் போகாதீர்கள், முன்பே போங்கள். அந்தக் கண்காட்சி திட்டத்துக்குள் வருகிறதா, விண்ணப்பத்தை எப்போது கொடுக்க வேண்டும் என்பது முதலிலேயே தெரிய வேண்டும்.

## 8. இடமும் ஒப்பந்தமும்

ஷெல் ஸ்கீம் என்றால் தடுப்பு, பெயர்ப்பலகை, மேசை, நாற்காலி, விளக்கு போட்டுத் தருவார்கள். ரா ஸ்பேஸ் என்றால் வெறும் தரை, எல்லாம் நீங்கள் கட்ட வேண்டும். முதல் முறை ஷெல் ஸ்கீம்தான். உங்கள் மெஷின் உயரமானது, எடை கூடியது என்றால் மட்டும் ரா ஸ்பேஸ். அப்போதும் தரை எவ்வளவு எடை தாங்கும், கதவின் உயரம் என்ன, கிரேன் உள்ளே வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இடத்தை ஆறாம் படியில் பென்சிலால் குறித்த வரைபடத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் இடத்துக்கு விலை கூடுதல், ஆனால் உள்ளே வருபவர் அங்கே நிற்காமல் கடந்து போய்விடுவார். உணவகத்துக்குப் போகும் வழி, கழிப்பறைப் பக்கத்து வழி போன்றவை விலை குறைவு, கூட்டம் ஓயாது. உங்கள் சரக்கோடு சேர்த்து வாங்கப்படும் சரக்கை வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்குப் பக்கத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒப்பந்தத்தில் மூன்று இடத்தை விரல் வைத்துப் படியுங்கள்: ரத்து செய்தால் எவ்வளவு பணம் போகும், தேதி தள்ளிப்போனால் பணம் என்ன ஆகும், ஸ்டாலை வேறு இடத்துக்கு மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டா. மூன்றாவது பெரும்பாலும் இருக்கும். "மாற்றினால் அதே ஹாலில், அதே அளவில்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

## 9. சரக்கும் காகிதமும்

கண்காட்சிக்குப் போகும் சரக்கு விற்பனைச் சரக்கு அல்ல, அதனால் பில் போடக் கூடாது. டெலிவரி சலான் மூன்று பிரதி போட்டு, "கண்காட்சிக்காக மட்டும்" என்று எழுதுங்கள். வெளிமாநிலத்துக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டு போக ஆன்லைனில் எடுக்கும் காகிதம்) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு 1 லட்சம். இ-வே பில் போர்ட்டலில் காரணம் கேட்கும் இடத்தில் கண்காட்சி என்றே ஒரு தேர்வு இருக்கிறது. திரும்பி வரும்போதும் புது சலான், புது இ-வே பில். திரும்பும் காகிதத்தை மறந்துவிட்டு ஓசூர் பக்கம் வண்டியை நிறுத்தி வைத்துத் தவிப்பவர்கள் அதிகம்.

ஸ்டாலிலேயே பணம் வாங்கிச் சரக்கைக் கொடுக்கப் போகிறீர்களா? அது கர்நாடகத்தில் நடந்தால், தற்காலிக வரி செலுத்துபவராகக் குறைந்தது 5 நாள் முன்பே பதிவு செய்து, வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும். அதைவிட ஆர்டர் மட்டும் எடுத்து, ஊருக்கு வந்து இங்கிருந்து பில் போட்டு அனுப்புவதே சிறு யூனிட்டுக்குச் சுலபம்.

நந்தம்பாக்கத்துக்குச் சரக்கு அனுப்புவதானால் ஊருக்குள் நுழைய வேண்டாம். புழல் பக்கம் சென்னை பைபாஸ் ஏறி, போரூரில் இறங்கி, மவுண்ட்–பூந்தமல்லி சாலையைப் பிடியுங்கள். மணலி, எண்ணூர்ச் சாலைகளில் கண்டெய்னர் வரிசை எப்போது நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். நகருக்குள் கனரக வண்டிக்குத் தடை நேரமும் உண்டு. செட்டப் நேரம் மாலை என்று போட்டிருந்தால், வண்டி மத்தியானமே கிளம்பியிருக்க வேண்டும்.

## 10. ஸ்டாலில் நிற்கும் நாட்களும் அதற்கடுத்த பத்து நாளும்

இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பேச, ஒருவர் குறிக்க. பெங்களூர், நொய்டா என்றால் இந்தி பேசும் ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள். பட்டறையில் வேலை பார்க்கும் வடமாநில சூப்பர்வைசர் ஒருவரே போதும், சரக்கும் அவருக்குத் தெரியும்.

கார்டை வாங்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போடாதீர்கள். வாங்கிய உடனே அதன் பின்னால் என்ன கேட்டார், எந்த ஊர், எப்போது வேண்டும் என்று எழுதி, ஒரு போட்டோ எடுங்கள். சாயங்காலம் ரூமுக்குப் போய் மூன்றாகப் பிரியுங்கள்: இந்த மாதமே வாங்கப் போகிறவர், விலை மட்டும் கேட்டவர், நமக்கு விற்க வந்தவர். முதல் கட்டுக்கு அன்று இரவே வாட்ஸ்அப்பில் விலையும் போட்டோவும் போக வேண்டும், மறுநாள் அவர் இன்னும் நான்கு ஸ்டாலில் அதே விலையைக் கேட்கப் போகிறார்.

ஊர் திரும்பியதும் பத்து நாளுக்குள் எல்லோரையும் ஒரு முறை போனில் பிடித்துவிடுங்கள். இந்தப் பத்து நாளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடையில் வேலை குவிந்திருக்கும், கார்டுக் கட்டு மேசை டிராயருக்குப் போய்விடும். போவதற்கு முன்பே, திரும்பி வந்தபின் தினமும் காலை ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கி, கடைப் பையனிடமும் சொல்லி வைத்துவிடுங்கள்.

கடைசி நாள் அடுத்த பதிப்புக்கான முன்பதிவுப் படிவத்தோடு ஆள் வருவார், தள்ளுபடியும் சொல்வார். அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். அந்தத் தள்ளுபடி எந்தத் தேதி வரை என்று மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய வாரம், முதல் கட்டில் இருந்தவர்களில் எத்தனை பேருக்குப் பில் போட்டீர்கள் என்று எண்ணிப் பார்த்து, ஏழாம் படியில் போட்ட கணக்கின் பக்கத்தில் எழுதி, பிறகு பதில் சொல்லுங்கள்.